எல்லோருக்கும் தெரிந்த கிளி, யாருக்கும் தெரியாத இலைக்கன்

1918ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் திகதி, அமெரிக்காவின் சின்சினாற்றி மிருகக்காட்சிச்சாலையில் ஒரு கிளி செத்துப்போனது. அதன் பெயர் இன்காஸ். அதனோடு முப்பது வருசமளவில் ஒன்றாக இருந்த பெண்கிளி லேடி ஜேன், அதற்கு முந்தைய வருசமே செத்துவிட்டது. இரண்டும் கரோலினாக் கிளி என்ற இனத்தைச் சேர்ந்தவை. கூண்டில் இருந்த கரோலினாக் கிளிகளில் இன்காஸ்தான் கடைசி.

அதிலிருந்து 75 வருசம் கழித்து, 1993 ஏப்ரல் 27ஆம் திகதி, அதே நாட்டு அரசாங்கம் புளோரிடாவின் மணலில் வளரும் ஒரு இலைக்கனை ‘அழியும் ஆபத்தில் உள்ள இனம்’ என்று சட்டப்படி அறிவித்தது. அதன் அறிவியற் பெயர் கிளடோனியா பெர்ஃபொராற்றா. அந்தச் சட்டப் பட்டியலில் இடம்பிடித்த முதல் இலைக்கன் அதுதான்.

ஒரு கிளியையும் ஒரு இலைக்கனையும் பக்கத்தில் வைத்துக் கதைப்பது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை மாதிரித் தெரியலாம். ஆனால் இந்த இரண்டுக்கும் ஊர் ஒன்று. கரோலினாக் கிளிகளை நம்பத்தகுந்த ஒருவர் காட்டில் கடைசியாகக் கண்டது 1904இல், புளோரிடாவின் ஓக்கிச்சோபி ஏரியின் வடக்குப் பக்கத்தில். அங்கிருந்து மேற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் போனால், இந்த இலைக்கன் இன்றைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிற வெண்மணல் மேடு வந்துவிடும். ஒரே மாநிலம், ஒரே தோட்டக்காரர், ஒரே வீடு கட்டுகிறவர்கள். ஊர் முழுக்கத் தெரிந்த கிளி போய்விட்டது, ஒருவருக்கும் தெரியாத இலைக்கன் நிற்கிறது. இது எப்படி நடந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பேர்பெற்ற கிளி

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு என்று இருந்த ஒரே சுதேசக் கிளி இது. வாலோடு சேர்த்து 33 சென்ரிமீற்றரளவு நீளம். பச்சை உடம்பு, மஞ்சள் தலை, முகத்தில் செம்மஞ்சள். தெற்கே புளோரிடாவில் இருந்து ஒஹாயோ, மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வரைக்கும் கூட்டங்கூட்டமாகத் திரிந்தது. ஆற்றோரச் சதுப்புக் காடுகளில், பொந்து விழுந்த பெரிய மரங்களுக்குள் ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு இரவைக் கழித்தது.

இந்தக் கிளியைப் பார்க்க ஆளில்லாமல் இருந்ததே இல்லை. ஐரோப்பியர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முதலே அங்கிருந்த பூர்வகுடி மக்களுக்கு இது தெரிந்த பறவை. பிறகு ஆங்கிலேயரான மாக் கேற்ஸ்பி, கரோலினா, புளோரிடா, பகாமாத் தீவுகளின் இயற்கையைப் பற்றி 1729இல் இருந்து பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில் இதன் படத்தைப் போட்டார். அதை வைத்துத்தான் 1758இல் லின்னேயஸ் இதற்கு அறிவியற் பெயர் கொடுத்தார். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை விலங்குகளுக்கு அவர் முழுமையாகக் கொண்டுவந்த அந்தப் புத்தகத்திலேயே இந்தக் கிளிக்கும் இடம் கிடைத்துவிட்டது.

1810இல் அலெக்சாண்டர் வில்சன் என்ற பறவையியலாளர் ஒஹாயோ ஆற்றின் வழியே பயணம் போனார். கென்ரக்கி மாநிலத்தில் பிக் போன் லிக் என்ற உப்பு ஊற்றடியில் கரோலினாக் கிளிகள் பெருங்கூட்டமாக இறங்கி உப்புத்தண்ணி குடிப்பதைக் கண்டார், சுட்டார். அப்போது அவர் கவனித்த ஒரு விடயம் இந்த இனத்தின் கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது. வெடி கேட்டதும் மற்றப் பறவைகள் தப்பி ஓடும். இந்தக் கிளிகள் ஓடவில்லை. செத்தும் காயப்பட்டும் கிடக்கிற தங்கட கூட்டாளிகளைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, திரும்பவும் அங்கேயே வந்து இறங்கின. அவர் திரும்பத் திரும்பச் சுட்டார். அவை திரும்பத் திரும்ப வந்தன.

அதே வில்சன், இலேசாகக் காயப்பட்ட ஒரு கிளியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் வளர்த்தார். அது அவரோடு நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்தது. கடைசியில் மெக்சிக்கோ வளைகுடாவில் கப்பலில் போகும்போது கூண்டைவிட்டு வெளியேறிக் கடலில் விழுந்து செத்தது. சுட்டவர் அவர், பாசமாக வளர்த்தவரும் அவர். இரண்டுக்கும் இடையில் முரண் இருப்பதாக அந்தக் காலத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓடுபோனின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கப் பறவைகளை மிகப் பெரிய தாள்களில் வரைந்த ஓவியர். உடுப்பில் ஒட்டிக்கொள்கிற முள்ளுக்காய்ச் செடி ஒன்றில் இந்தக் கிளிகள் கூட்டமாக இருந்து தின்பதை அவர் வரைந்த படம் இன்றைக்கும் பிரபலம். அந்தச் செடி பண்ணை விலங்குகளுக்கு நஞ்சு, விவசாயிக்குத் தொல்லை. அதன் விதையை விரும்பித் தின்ற பறவை இது. ஆனால் அதே கூட்டம் பழத்தோட்டத்திலும் தானியக் குவியலிலும் இறங்கியது. விவசாயியின் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. துவக்கோடு வந்தார். கிளிகள் வழக்கம்போலச் செத்ததைச் சுற்றி வந்தன. சில மணித்தியாலத்தில் நூற்றுக்கணக்கில் விழுந்தன என்று ஓடுபோன் எழுதுகிறார். படம் வரைவதற்காக அவர் சுட்டபோதும் சில வெடிகளிலேயே ஒரு கூடை நிறையக் கிடைத்ததாம்.

கவனியுங்கோ, அதே ஓடுபோன் 1831லேயே எச்சரித்துவிட்டார். இந்தக் கிளிகள் வேகமாகக் குறைந்துவருகின்றன, 25 வருசத்துக்கு முதல் நிறைந்திருந்த இடங்களில் இப்போது காண்பதே அரிது என்று அவர் அச்சில் எழுதினார். அதாவது கடைசிக் கிளி சாவதற்கு 87 வருசம் முன்னரே விசயம் தெரியும். எழுதினவரும் சாதாரண ஆள் இல்லை.

அந்த 87 வருசமும் என்ன நடந்தது? சதுப்புக் காடுகளை வெட்டினார்கள், பொந்து மரங்கள் போயின. தோட்டங்களில் சுடுவது தொடர்ந்தது. பெண்களின் தொப்பிக்கு இறகு வேண்டியிருந்தது. வீட்டுக் கூண்டுக்குப் பச்சைக்கிளி வேண்டியிருந்தது. இவற்றோடு வேறொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. அது இந்தப் பறவையை நன்றாகத் தெரிந்த கூட்டம், அதாவது சேகரிப்பாளர்கள். ஒரு இனம் அருமையாகிறது என்ற செய்தி பரவினால் நாங்கள் என்ன நினைப்போம்? காப்பாற்ற வேண்டும் என்று நினைப்போம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கனபேர் நினைத்தது வேறு. முற்றாக முடிவதற்குள் எங்கட அலுமாரிக்கும் சில தோல்கள் வேண்டும் என்று நினைத்தார்கள். இன்றைக்கு உலகின் அருங்காட்சியகங்களில் பஞ்சடைத்து வைத்த கரோலினாக் கிளித் தோல்கள் 700க்கு மேல் இருக்கின்றன.

நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பிராங்க் சாப்மன் 1890ஐ ஒட்டிய காலத்தில் புளோரிடாவின் செபஸ்ரியன் ஆற்றுக்குப் போய்க் கரோலினாக் கிளிகளைச் சுட்டுச் சேகரித்தார். அதே சாப்மன்தான் பிறகு பறவைப் பாதுகாப்பின் பெரிய குரலாக மாறினார். செபஸ்ரியன் ஊருக்கு முன்னால் இருக்கிற பெலிக்கன் தீவைக் காப்பாற்ற வேண்டும் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றிடம் எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1903இல் அந்தத் தீவு கூட்டாட்சி அரசின் முதலாவது பறவைப் புகலிடமானது. கூழைக்கடாக்கள் பிழைத்தன. அடுத்த வருசம், 1904இல், ஓக்கிச்சோபி ஏரிப் பக்கம் 13 கரோலினாக் கிளிகளைக் கண்டவரும் சாப்மன்தான். மேலே நாங்கள் சொன்ன அந்தக் கடைசிக் காட்சி இதுதான். மனிதர் மாறிவிட்டார், ஆனால் கிளிகளுக்கு அது பிந்திப்போய்விட்டது.

பேரில்லாத இலைக்கன்

இனி அந்தக் கிளிகள் பறந்த வானத்துக்குக் கீழே, மணலைப் பார்ப்போம்.

முதலில் இலைக்கன் என்றால் என்ன? எங்கட ஊர்த் தென்னந்தண்டில் வெள்ளையாகவும் சாம்பலாகவும் வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்குமே, அதுதான். மரத்துக்கு வயசு போனால் வருகிற தேமல் என்று நினைத்துக் கடந்துபோய்விடுவோம். உண்மையில் அது ஒரு பங்கசும் ஒரு அல்காவும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். பங்கசு வீட்டைக் கட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அல்கா ஒளித்தொகுப்புச் செய்து சாப்பாடு போடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒன்றியவாழ்வு என்று படித்திருப்போம்.

இந்த உண்மையைக்கூட மனிதர் கனகாலம் கண்டுபிடிக்கவில்லை. சுவிற்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் சுவென்டனர் 1867இல்தான் இலைக்கன் ஒரு உயிர் இல்லை, இரண்டு உயிர்கள் என்று சொன்னார். அன்றைய பெரிய இலைக்கன் ஆய்வாளர்களே அதை ஏற்கவில்லை, நக்கலடித்தார்கள். கரோலினாக் கிளிக்குப் பெயர் வைத்து அப்போது நூறு வருசத்துக்கு மேலாகிவிட்டது. இலைக்கன் என்றால் என்னவென்றே அப்போதுதான் தெரியவந்தது.

புளோரிடாவின் இந்த இலைக்கனுக்கு இன்னும் பிந்தித்தான் பெயர் வந்தது. மாநிலத்தின் வடமேற்கில், மெக்சிக்கோ வளைகுடாவோரமாக இருக்கிற சான்ரா ரோசா தீவில் 1945இல்தான் முதன்முதலாக அதைச் சேகரித்தார்கள். 1952இல் அலெக்சாண்டர் எவான்ஸ் என்ற தாவரவியலாளர் அதைத் தனி இனமாக விவரித்தார். கிளிக்கும் இதற்கும் பெயர் கிடைத்ததில் இருக்கிற இடைவெளி 194 வருசம்.

பார்க்க எப்படி இருக்கும்? நாலு முதல் ஆறு சென்ரிமீற்றர் உயரம். மஞ்சள் கலந்த சாம்பல் நிறம். கிளை பிரிகிற இடங்களில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அறிவியற் பெயரில் இருக்கிற ‘பெர்ஃபொராற்றா’ அந்த ஓட்டைகளைத்தான் சொல்கிறது. வேர் இல்லை, மணலின் மேல் சும்மா கிடக்கும். இது வித்திகளை உண்டாக்கி இனம்பெருக்கியதை ஒருவரும் கண்டதில்லை. உடைந்த துண்டு ஒன்று காற்றிலோ மழைத்தண்ணியிலோ கொஞ்சத் தூரம் போய்க் கிடந்து வளர்ந்தால்தான் அடுத்த தலைமுறை. கூட்டமாகப் பறந்து பல மாநிலங்களைக் கடந்த கிளி எங்கே, சில மீற்றர் நகர்வதற்கே காற்றைப் பார்த்திருக்கிற இது எங்கே!

இது வாழ்கிற முக்கியமான இடம் லேக் வேல்ஸ் மேடு. நடுப் புளோரிடாவில் வடக்குத் தெற்காக 150 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற பழைய மணல்மேடு. கடல்மட்டம் உயர்ந்திருந்த பழங்காலத்தில் புளோரிடாவின் பெரும்பகுதி தண்ணிக்குள் கிடக்க, இந்த மேடு தீவுகளாக வெளியே தெரிந்தது. அதனால்தான் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் பல இங்கே இருக்கின்றன. உயர்ந்த காடு கிடையாது, பற்றைக்காடுதான். பற்றைகளுக்கு நடுவே இருக்கிற வெறும் வெண்மணல் திட்டுகளில் இந்த இலைக்கன் கிடக்கும்.

அந்தப் பற்றைக்காட்டுக்கு அவ்வப்போது தீ வேண்டும். எரிந்து புதுப்பிக்காவிட்டால் அங்கிருக்கிற பல செடிகளும் பறவைகளும் நலிந்துவிடும். ஆனால் இலைக்கனுக்குத் தீ எண்டால் சாவு. வெறும் மணலில் எரிய ஒன்றும் இல்லாததால், தீ அந்தத் திட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அப்படித் தப்பித்தப்பித்தான் இது இவ்வளவு காலமும் இருந்திருக்கிறது.

தீயிடம் தப்பினது தோடையிடம் தப்பவில்லை. 1894–95 குளிர்காலத்தில் அடித்த கடும் உறைபனியில் வடக்குப் புளோரிடாவின் தோடைத் தோட்டங்கள் செத்துப்போயின. தோட்டக்காரர் தெற்கே இறங்கினார்கள். நீர் தேங்காத உயரமான மணல்மேடு தோடைக்கு நல்ல இடம். பிறகு வீடுகளும் வீதிகளும் வந்தன. அந்த மேட்டில் இருந்த இயற்கை நிலத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் இப்படிப் போய்விட்டது. இலைக்கனுக்கு ஒருவரும் எதிரி இல்லை என்பதை மனதில் வையுங்கோ. அதை ஒருவரும் சுடவில்லை, தொப்பியில் குத்தவில்லை, கூண்டில் அடைக்கவில்லை. அது கிடந்த நிலந்தான் வேண்டியிருந்தது. கால்பட்டும் வண்டிச் சில்லுப்பட்டும் நொறுங்கினதுகூட நொறுக்கினவர்களுக்குத் தெரியாது.

சட்டம் வந்த நேரம்

இன்காஸ் செத்தது 1918 பெப்ரவரியில். இடம்பெயரும் பறவைகளைச் சுடுவது, பிடிப்பது, விற்பது எல்லாவற்றையும் தடுத்த பெரிய கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது 1918 யூலை 3ஆம் திகதி. இடையில் ஐந்து மாதம்கூட இல்லை. அதற்கு முன்னர் 1900இல் வந்த லேசிச் சட்டம், மாநிலச் சட்டத்தை மீறிப் பிடித்த உயிரினங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்பதைத் தடுத்தது. அந்த நேரம் காட்டில் கரோலினாக் கிளிகள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவில்தான் மிஞ்சியிருந்தன.

சட்டங்கள் சும்மா வரவில்லை. கரோலினாக் கிளியும், அதே சின்சினாற்றிச் சாலையில் 1914இல் செத்த கடைசிப் பயணிப்புறாவும் அமெரிக்கர்களின் மனதில் ஒரு வெட்கமாக நின்றுவிட்டன. கோடிக்கணக்கில் இருந்ததும் முடிந்துபோகலாம் என்பதை அந்த இரண்டு பறவைகளும்தான் படிப்பித்தன. 1973இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களுக்கான சட்டம் வந்தபோது அது மிக அகலமான சட்டமாக வந்தது. அழகா, பயனா, பிரபலமா என்று அது கேட்கவில்லை. 1966இல் வந்த முந்தைய சட்டத்தில் தாவரங்களுக்கு இடமே இல்லை, 1973இன் சட்டம் அவற்றையும் சேர்த்தது.

இதிலே ஒரு வேடிக்கை. இலைக்கன் தாவரமே இல்லை, அதன் பெரும்பங்கு பங்கசு. பங்கசுகளுக்கு என்று அந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. பழைய வழக்கப்படி தாவரம் என்ற கணக்கிலேதான் இலைக்கனை உள்ளே எடுத்தார்கள். பெயர் பிழை, ஆனால் பாதுகாப்பு மெய்.

1993இல் அது பட்டியலில் ஏறியது. அதே வருசம் லேக் வேல்ஸ் மேட்டில், முக்கியமாகத் தாவரங்களைக் காப்பதற்கு என்றே ஒரு தேசியப் புகலிடம் உருவானது. அந்த மேட்டின் தென்கோடியில் 1941இல் தொடங்கிய ஆர்ச்போல்ட் உயிரியல் நிலையத்தில் ஆய்வாளர்கள் இலைக்கன் கிடக்கிற திட்டுகளைக் குறித்துவைத்துக் கவனித்தார்கள். பற்றைக்காட்டுக்குத் தீ வைக்கும்போது இலைக்கன் கிடக்கிற திட்டுகளை விட்டுவிட்டு எரிக்கிற முறையும் வந்தது.

1995 ஒக்ரோபர் 4ஆம் திகதி ஓபல் சூறாவளி வந்து சான்ரா ரோசா தீவை அடித்தபோது, முதன்முதலாக இது கண்டெடுக்கப்பட்ட அந்தத் தீவில் இருந்த இலைக்கன்களில் பெரும்பகுதியைக் கடல் வழித்துக்கொண்டு போனது. பிறகு மிஞ்சியதில் இருந்து எடுத்துத் திரும்பவும் அங்கே வைத்துப் பார்க்கிற முயற்சிகள் நடந்தன. அந்த நிலத்தில் ஒரு பகுதி அமெரிக்க விமானப்படைத் தளத்துக்குச் சொந்தமானது. விரல் நீளம்கூட இல்லாத ஒரு பொருளுக்காக ஒரு படைத்தளம் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

தெரிந்திருப்பதும் காப்பதும்

தெரிந்தால் காப்பார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்புகிறோம். ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்பதுதான் எங்கட வழமையான முறைப்பாடு. கரோலினாக் கிளியின் வரலாறு அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்கிறது. பெயர் இருந்தது, ஓவியம் இருந்தது, பாசம் இருந்தது, 1831இல் அச்சடித்த எச்சரிக்கை இருந்தது. இல்லாமல் இருந்தது கையைப் பிடித்துத் தடுக்கிற ஒரு விதி மட்டும்தான். விதி இல்லாத இடத்தில் அறிவும் பாசமும் வேட்டைக்கே உதவின. அருமை என்று தெரிந்ததும் விலைதான் ஏறியது.

கிளி தானாகவே நலிந்து போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் வந்துவிட்டது. ஸ்பெயின் நாட்டின் கற்றலோனியாவில் பஞ்சடைத்து வைத்திருந்த ஒரு கரோலினாக் கிளியின் மரபணுவை ஆராய்ச்சியாளர்கள் முழுதாகப் படித்து 2019இன் கடைசியில் வெளியிட்டார்கள். நீண்டகாலமாகத் தேய்ந்துவந்த இனங்களில் தெரியும் நெருங்கிய உறவுக் கலப்பின் அடையாளம் அதிலே இல்லை. அதாவது இந்த இனம் மெதுவாகச் சாகவில்லை, நன்றாக இருந்து சட்டென்று போனது. மனிதர் காரணம் என்ற முடிவுக்கு அது பலம் சேர்த்தது.

இலைக்கனின் கதையையும் வெற்றிக்கதை என்று முடித்துவிட ஏலாது. தாவரம் என்ற கணக்கில் கிடைத்த பாதுகாப்பு அரச நிலத்தில் பலமானது. தனியார் காணியில் அந்தச் சட்டம் தாவரத்துக்குத் தருகிற பாதுகாப்பு மிகக் குறைவு. அதனால்தான் நிலத்தையே வாங்கவேண்டி வந்தது. கிளியைக் காக்கத் துவக்கை இறக்கினால் பாதி வேலை முடிந்திருக்கும். இலைக்கனைக் காக்க இறக்குவதற்குத் துவக்கு ஒன்றும் இல்லை, காணியைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். கடல்மட்டம் உயர்ந்தால் கரையோர மணலுக்கு என்னவாகும் என்பது அடுத்த பிரச்சினை.

இன்காசின் உடல் எங்கே போனது என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. அருங்காட்சியகத்துக்கு அனுப்ப நினைத்ததாகச் சொல்வார்கள், அது அங்கே போய்ச் சேரவேயில்லை. அவ்வளவு பேர்பெற்ற இனத்தின் கடைசிப் பறவைக்கு நடந்தது அது. புளோரிடா மணலில் கிடக்கிற இலைக்கன் திட்டுகளையோ இடம் இடமாகக் குறித்துவைத்துப் போய்ப் பார்க்கிறார்கள். அதைப் பார்த்து ஒருவரும் ஆசைப்படுவதில்லை, பாட்டுக் கட்டுவதுமில்லை. ஆனால் அது இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவர ஒரு ஆள் போகவேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்கிறது.